சோற்றுக்குப் பணம் உண்டு, அடுப்புக்கு இல்லையா?

தனியாக வாழும் ஒரு முதியவருக்கு மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்க என்ன செலவாகும்? யாரைக் கேட்டாலும் அரிசி, காய்கறி, எண்ணெய், சமையல்காரர் சம்பளம், வண்டிக்குப் பெட்ரோல் என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். சரி, அந்த அலுவலகத்தின் மின்கட்டணத்தை யார் கட்டுவது? மாதக் கடைசியில் சம்பளக் கணக்குப் போடும் கணக்கருக்கு யார் சம்பளம் கொடுப்பது? "அரசாங்கப் பணத்தை ஒழுங்காகத்தான் செலவு செய்தோம்" என்று எழுதிக் கையொப்பமிடும் கணக்காய்வாளருக்கு யார் கட்டணம் செலுத்துவது?

இங்கேதான் பலருக்கும் பதில் தடுமாறுகிறது. "அதெல்லாம் நிர்வாகச் செலவு. அதை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்" என்று சொல்லிவிடுகிறோம். சங்கத்துக்கோ ஆலயத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ பொருளாளராக இருந்தவர்களுக்கு இந்தப் பதில் எவ்வளவு வலிக்கும் என்பது தெரியும். நிகழ்ச்சிக்கு நன்கொடை தர ஆள் உண்டு. நிகழ்ச்சிக் கணக்கை எழுதி வைப்பவருக்குச் சம்பளம் தர ஆள் இல்லை.

இந்தச் சிக்கல் மிகப் பெரிய அளவில் வெடித்து, அரசாங்கமே விதிமுறைகளை மாற்றும் நிலைக்குப் போன நாடு ஒன்று உண்டு. அதுதான் அமெரிக்கா. அங்கே நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நேரடிச் செலவும் மறைமுகச் செலவும்

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு, மனநலச் சேவை, வேலைப் பயிற்சி, வீடற்றோர் தங்குமிடம் போன்ற பல சேவைகளை அரசாங்கம் தானே நேரடியாகச் செய்வதில்லை. லாப நோக்கற்ற தொண்டு அமைப்புகளிடம் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. அமைப்பு வேலையைச் செய்யும். செலவுக் கணக்கை அனுப்பும். அரசாங்கம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஏற்பாடு இதுதான்.

இதில் செலவை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டுமே ஆன செலவு நேரடிச் செலவு. உணவுத் திட்டத்தின் சமையல்காரர் சம்பளம் அதற்கு நல்ல உதாரணம். பல திட்டங்களுக்கும் பொதுவாக ஆகும் செலவு மறைமுகச் செலவு. கணக்கர், கணினி, காப்புறுதி, தலைமை அதிகாரி, கணக்காய்வு போன்றவை இதில் அடங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அமைப்பு மூன்று திட்டங்களை நடத்துகிறது: முதியோர் உணவு, பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு, வேலைப் பயிற்சி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கணக்கர். அவருடைய ஆண்டுச் சம்பளம் 40,000 டாலர். அவருடைய உழைப்பில் பாதி உணவுத் திட்டத்துக்கும், 30 விழுக்காடு வகுப்புக்கும், 20 விழுக்காடு பயிற்சிக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முறையே 20,000, 12,000, 8,000 டாலர் அந்தந்த ஒப்பந்தத்திலிருந்து வர வேண்டும். இதுதான் நியாயம்.

ஆனால் வேலைப் பயிற்சிக்குப் பணம் தரும் இலாகா, "நிர்வாகச் செலவுக்கு ஒரு காசு கிடையாது" என்று சொல்லிவிட்டால்? அந்த 8,000 டாலரை உணவுத் திட்டக் கணக்கில் ஏற்றிவிடலாமா? முடியாது. ஒரு திட்டத்தின் பங்கை, பற்றாக்குறையைச் சமாளிப்பதற்காக வேறு திட்டத்தின் தலையில் கட்டக்கூடாது என்று கூட்டரசு விதி தெளிவாகச் சொல்கிறது. ஆக, அந்த அமைப்பு பொதுமக்களிடம் நன்கொடை வாங்கித்தான் அரசாங்க வேலைக்கான கணக்கருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நன்கொடை கொடுத்தவர்களோ, தங்கள் பணம் ஏழைகளின் தட்டுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

வளர வளர நட்டம்

வியாபாரத்தில் ஒப்பந்தம் கூடினால் லாபம் கூடும். தொண்டு அமைப்புகளுக்கு இது தலைகீழாகிவிடுகிறது. ஒரு சேவைக்கு உண்மையில் 1 டாலர் செலவாகிறது, ஒப்பந்தம் 80 காசுதான் தருகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வேலை செய்தால் 2 லட்சம் டாலர் துண்டு விழும். நன்றாக வேலை செய்கிறார்களே என்று அரசாங்கம் மகிழ்ந்து, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை இரட்டிப்பாக்கினால் துண்டும் 4 லட்சமாகும். பாராட்டே பாரமாகிவிடுகிறது.

இந்த 80 காசு நாமாக எடுத்துக்கொண்ட எண் அல்ல. நியூயார்க்கில் உள்ள சமூகச் சேவை அமைப்புகளின் மன்றம் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, அரசாங்க ஒப்பந்தங்கள் உண்மைச் செலவில் ஒவ்வொரு டாலருக்கும் ஏறக்குறைய 80 காசு அல்லது அதற்கும் குறைவாகத்தான் கொடுக்கின்றன என்று கூறியது. அந்த அறிக்கை பிறந்த கதை இன்னும் முக்கியமானது.

120,000 பேருக்கு உதவிய அமைப்பு மூடப்பட்டது

நியூயார்க்கில் 'எஃப்.இ.ஜி.எஸ்.' என்ற அமைப்பு 1934-இல், உலகப் பொருளாதார மந்தக் காலத்தில் தொடங்கப்பட்டது. வேலையில்லாமல் தவித்த யூதக் குடியேறிகளுக்கு வேலை தேடிக்கொடுப்பது அதன் ஆரம்பப் பணி. காலப்போக்கில் மனநலச் சேவை, உடற்குறையுள்ளோர் பராமரிப்பு, வேலைப் பயிற்சி எனப் பரந்து விரிந்து, ஆண்டுக்குச் சுமார் 120,000 பேருக்குச் சேவை செய்யும் அளவுக்கு வளர்ந்தது. அதன் வரவு செலவு சுமார் 25 கோடி டாலர். அந்த மாநகரத்தின் மிகப் பெரிய சமூகச் சேவை அமைப்புகளில் அதுவும் ஒன்று.

2014-ஆம் ஆண்டின் இறுதியில், அந்த அமைப்புக்கு 1 கோடியே 94 லட்சம் டாலர் நட்டம் என்ற செய்தி வெளியானது. சில மாதங்களில் மூடுவதாக அறிவித்தார்கள். 2015 மார்ச்சில் நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தார்கள். 80 ஆண்டு கால அமைப்பு ஒரு குளிர்காலத்தில் கதவடைத்துக்கொண்டது. அதன் திட்டங்கள் அவசர அவசரமாக வேறு அமைப்புகளிடம் கைமாற்றப்பட்டன. வாராவாரம் ஒரே ஆலோசகரிடம் மனம் விட்டுப் பேசிவந்த ஒரு மனநல நோயாளிக்கு இப்படியொரு மாற்றம் என்ன செய்யும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வீழ்ச்சிக்கு மறைமுகச் செலவு ஒன்றே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. தவறான முதலீடுகள், தேவைக்கு மேல் எடுத்துவைத்த கட்டடங்கள், வந்துவிடும் என்று எழுதி வைத்து வராமல் போன வருமானம் என அதற்குப் பல காரணங்கள் இருந்தன. ஆனால் அந்தப் பட்டியலில், முழுச் செலவையும் ஈடுகட்டாத ஒப்பந்தங்களும் ஒரு காரணமாக இருந்தன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிதி நிலை சரிகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து எச்சரிப்பது யார் வேலை? நல்ல கணக்குப் பிரிவின் வேலை. அந்தப் பிரிவுக்கு ஆகும் செலவுதான் எல்லாரும் கொடுக்க மறுக்கும் நிர்வாகச் செலவு!

பட்டினிச் சுழல்

இந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்தவர்கள் ஆன் காகின்ஸ் கிரெகரி, டான் ஹோவர்ட் என்ற இருவர். 2009-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சமூகப் புத்தாக்க இதழில் எழுதிய கட்டுரையில் இதைத் தொண்டு அமைப்புகளின் 'பட்டினிச் சுழல்' என்று அவர்கள் குறிப்பிட்டனர்.

சுழல் இப்படித்தான் சுற்றுகிறது. முதலில், நிர்வாகச் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று பணம் தருபவர் எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்புக்குப் பயந்து அமைப்பு செலவைக் குறைக்கிறது. பழைய கணினியை வைத்தே ஓட்டுகிறது. அனுபவமுள்ள கணக்கருக்குப் பதில் புதியவரை வைக்கிறது. குறைக்க முடியாததை அறிக்கையில் குறைத்துக் காட்டுகிறது. அந்த அறிக்கையைப் படிக்கும் பணம் தருபவர், "ஆகா, இவ்வளவு குறைவாக முடியுமா! அடுத்த முறை இன்னும் குறைக்கலாமே" என்று நினைக்கிறார். சுழல் மறுபடியும் ஆரம்பமாகிறது.

பொய் சொல்லத் தூண்டுவது பணம் தருபவர்தான்; அந்தப் பொய்யை நம்பி ஏமாறுவதும் அவர்தான்.

கூட்டரசு போட்ட புதிய விதி

அமெரிக்கக் கூட்டரசின் பணம் பெரும்பாலும் மாநிலங்கள், மாநகராட்சிகள் வழியாகத்தான் தொண்டு அமைப்புகளுக்கு வந்து சேர்கிறது. இடையில் இருப்பவர் தன் விருப்பத்துக்கு விகிதம் வைத்தார். ஒரே வகை மானியத்துக்கு ஓர் ஊரில் மறைமுகச் செலவு கிடைக்கும், இன்னோர் ஊரில் கிடைக்காது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டியது.

அதன் பிறகு மானியங்களுக்கான விதிகள் எல்லாம் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, 2013 டிசம்பரில் வெளியிடப்பட்டன. 2014 டிசம்பரில் நடப்புக்கு வந்தன. கூட்டரசுடன் பேசி, கணக்குக் காட்டி, ஒரு விகிதத்தை வாங்கி வைத்திருக்கும் அமைப்புக்கு அந்த விகிதப்படியே கொடுக்க வேண்டும். அப்படி விகிதம் வாங்கியிராத அமைப்புக்கு, பெரிய கணக்கு வழக்கு எதுவும் கேட்காமல் 10 விழுக்காடு கொடுக்கலாம். இடையில் இருக்கும் மாநிலமோ மாநகராட்சியோ இதை மதித்தாக வேண்டும். 2024-இல் இந்த விதி திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் அந்த 10 விழுக்காடு 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

விழுக்காடு என்றால் எதில் விழுக்காடு? எல்லாச் செலவிலும் அல்ல. ஓர் உணவுத் திட்டத்தின் நேரடிச் செலவு 200,000 டாலர், அதில் 20,000 டாலர் வண்டி வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். வண்டி போன்ற பெரிய தளவாடங்கள் கணக்கில் சேராது. மீதி 180,000 டாலருக்குத்தான் விகிதம் பொருந்தும். பழைய 10 விழுக்காட்டில் 18,000 டாலர் கிடைத்திருக்கும். 15 விழுக்காட்டில் 27,000 டாலர் கிடைக்கும். வித்தியாசம் 9,000 டாலர்தான். ஒரு சிறிய அமைப்புக்கு அது பகுதி நேரக் கணக்கர் ஒருவரை வைத்துக்கொள்வதற்கும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசமாகும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். 2025 பிப்ரவரியில், பல்கலைக்கழக ஆராய்ச்சி மானியங்களுக்கான மறைமுகச் செலவு 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் அறிவித்தது. வழக்குகள் தொடரப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் ஒன்று அதைத் தடுத்தது. இரண்டும் ஒரே எண்தான், பொருள் வேறு. சிறிய தொண்டு அமைப்புக்கு 15 என்பது கணக்குக் காட்டாமலே ஏறி நிற்கக்கூடிய தரை. பெரிய ஆய்வுக்கூடங்களை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு 15 என்பது தலையில் இடிக்கும் கூரை.

நியூயார்க் கற்றுக்கொண்ட பாடம்

கூட்டரசு விதி கூட்டரசுப் பணத்துக்குத்தான் பொருந்தும். மாநகராட்சி தன் சொந்த வரிப்பணத்தில் போடும் ஒப்பந்தங்களுக்கு என்ன வழி? எஃப்.இ.ஜி.எஸ். வீழ்ச்சிக்குப் பிறகு நியூயார்க் மாநகராட்சியும் தொண்டு அமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசின. 2019-இல் செலவுகளுக்கான ஒரு கையேடு வெளியானது. எது நேரடிச் செலவு, எது மறைமுகச் செலவு என்று எல்லா இலாகாக்களுக்கும் பொதுவான விளக்கம் அதில் கிடைத்தது. அதற்கு முன் ஒரே செலவை ஒவ்வோர் இலாகாவும் ஒவ்வொரு விதமாகப் பார்த்தது.

அமைப்புகளுக்கு வழிகளும் வகுக்கப்பட்டன. 10 விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூட்டரசிடம் வாங்கிய விகிதம் இருந்தால் அதைக் காட்டலாம். இல்லையென்றால் பட்டயக் கணக்காய்வாளரைக் கொண்டு உண்மை விகிதத்தைச் சரிபார்த்துச் சமர்ப்பிக்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2020-இல் கொரோனா வந்தது. மாநகராட்சியின் வருமானம் சரிந்தது. ஒப்புக்கொண்ட அந்த மறைமுகச் செலவு நிதியில், முடிந்துபோன ஆண்டுக்கே முன்தேதியிட்டுக் கைவைத்தார்கள். அமைப்புகள் பணத்தை ஏற்கெனவே செலவு செய்துவிட்டன. ஊரே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது வீடு வீடாக உணவு கொண்டுபோனவர்களைப் பார்த்து, "போன ஆண்டுச் செலவில் ஒரு பகுதியைத் தர முடியாது" என்று சொன்னதாகிவிட்டது. பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 2021-இல் மாநகராட்சி முழு ஒதுக்கீட்டைத் திரும்பவும் அறிவித்தது. விகிதத்தைக் காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது, பணப்பெட்டியிலும் அது இருக்க வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

தாமதம் என்பது இன்னொரு பாரம். முதலில் செலவு செய், பிறகு வாங்கிக்கொள் என்பதுதான் இந்த முறை. பணம் வரத் தாமதமானால் அமைப்பு வங்கியில் கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்கும். அந்தக் கடனுக்கான வட்டியைக் கூட்டரசு மானியத்தில் கேட்க முடியாது. விதி இடம் கொடுக்காது. அரசாங்கம் தாமதித்ததற்கு வட்டி கட்டுவது தொண்டு அமைப்பு.

சந்தேகப்படுவது தவறா?

"நிர்வாகச் செலவு என்ற பெயரில் தின்றுவிடுகிறார்களே" என்ற கோபம் நம் பக்கத்து மக்களுக்கு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 2005-இல் சிங்கப்பூரின் தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் தலைமை அதிகாரியின் ஆண்டு வருமானம் சுமார் 600,000 வெள்ளி என்று நீதிமன்றத்தில் தெரியவந்தபோது நன்கொடையாளர்கள் கொதித்தெழுந்தனர். அவரும் நிர்வாக வாரியமும் பதவி விலக நேர்ந்தது.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதிலிருந்து எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வது? நிர்வாகத்துக்குப் பணமே கொடுக்கக்கூடாது என்பதா? இல்லை. ஆடம்பரத்தைப் பிடிப்பது யார்? உள் கணக்காய்வும், முறையான பதிவேடும், கேள்வி கேட்கத் தெரிந்த கணக்கரும்தான். அவை எல்லாம் மறைமுகச் செலவில் சேர்ந்தவை. திருடனுக்குப் பயந்து காவல்காரருக்குச் சம்பளம் கொடுக்க மறுப்பது என்ன நியாயம்?

அமெரிக்க விதியும் கண்ணை மூடிக்கொண்டு காசோலை எழுதச் சொல்லவில்லை. பேசி முடிவு செய்யும் விகிதத்தில் மதுபானச் செலவைச் சேர்க்க முடியாது. கேளிக்கையைச் சேர்க்க முடியாது. நன்கொடை திரட்டும் செலவையும் பொதுவாகச் சேர்க்க முடியாது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் கூட்டரசுப் பணத்தைச் செலவு செய்யும் அமைப்பு தனிக் கணக்காய்வுக்கு உட்பட வேண்டும். ஆக, அங்கே வகுத்த வழி இரண்டு கால் கொண்டது: உண்மைச் செலவைக் கொடு, உண்மையா என்று சோதித்துப் பார். ஒரு காலை வெட்டிவிட்டு மற்றதில் மட்டும் நிற்க முடியாது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

2013-இல் அமெரிக்காவில் தொண்டு அமைப்புகளைத் தரம் பார்த்துச் சொல்லும் மூன்று நிறுவனங்கள், நன்கொடையாளர்களுக்கு ஒரு பொதுக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவின் விழுக்காட்டை மட்டும் பார்த்து ஓர் அமைப்பை எடை போடாதீர்கள் என்பதே அதன் சாரம். இத்தனை காலம் அந்த விழுக்காட்டைப் பார்த்துப் பழகிய நிறுவனங்களே அப்படி எழுதியதுதான் குறிப்பிடத்தக்கது.

வாசகர்களே, அடுத்த முறை ஒரு பொது இயக்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உட்காரும்போது, "நிர்வாகத்துக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். கணக்கைப் பார்ப்பவர் யார்? அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? இந்தத் திட்டத்தின் முழுச் செலவு என்ன? அதில் எத்தனை பங்கு கிடைத்தது? மீதியை யார் தாங்குகிறார்கள்?

திட்ட அறிக்கை எழுதும் செயலாளர்களும் பொருளாளர்களும் இனி மின்கட்டணத்தையும் கணக்கரையும் ஒளித்து வைக்க வேண்டாம். கேட்டால் கிடைக்காமல் போகலாம். கேட்காவிட்டால் அப்படி ஒரு செலவு இருப்பதே கொடுப்பவருக்குத் தெரியாமல் போகும்.

முதியவரின் தட்டில் சோறு விழ வேண்டும் என்றால் அடுப்பு எரிய வேண்டும். அடுப்புக்குக் கொடுப்பதும் சோற்றுக்குக் கொடுப்பதுதான்.